கொசுறு

"ஐயோ, அவங்களைக் கடைக்குள்ளேயா உட்கார வச்சே? அந்த அலமாரிப் பக்கம் யாரும் போகலையே?"

மதியத் தூக்கம் கலைந்த பட்டன்கடைக்காரர் மாடிப்படியில் நின்றபடி மனைவியின் காதைக் கடித்தார்.

"நான் எங்க உட்கார வச்சேன்? டீ போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள, பொண்ணு கேட்டு வந்தவங்க கடைக்குள்ள இருக்காங்க. நம்ம மகதான் கூட்டிட்டு வந்தாளாம். வண்டிச் சத்தம்கூடக் கேட்கல."

"அலமாரி?"

"அதையே கட்டிக்கிட்டு அழுங்க! எலி மருந்து வச்சிருக்குன்னு பத்து வருஷமா என்னையே கிட்ட விடறதில்ல."

எலியும் இல்லை, மருந்தும் இல்லை. அலமாரிக்குப் பின்னால், சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. ஓர் ஆள் தவழ்ந்து நுழையலாம். வெளியே போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் சந்தும் சாக்கடையும்தான். உள்ளேயிருந்து கையை விட்டாலோ வேறோர் உலகம்! இருட்டில் இன்னொரு கை வந்து பிடித்துக்கொள்ளும். பேசினால் வீட்டில் கேட்டுவிடும் என்பதால் பேரம் முழுக்க விரலிலேயே நடக்கும். இங்கிருந்து ஒரு தகரப் பெட்டி போகும், அங்கிருந்து சிக்கே விழாத நூல்கண்டு வரும். ஊரிலுள்ள தையல்காரர்களெல்லாம் அந்த நூலுக்காகக் கடை வாசலில் தவம் கிடந்தார்கள்.

ஆனால் அந்தக் கை மகா கஞ்சக் கை. பேரம் முடிந்த பிறகும் விடாது. சுண்டுவிரலால் அவர் உள்ளங்கையை இரண்டு முறை சுரண்டும். கொசுறு வேண்டுமாம்! கையைத் தவிர வேறெதையும் அந்த ஓட்டைக்குள் விட அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை. இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதும் இல்லை, மதியத்தில் கடையைப் பார்த்துக்கொள்ளும் மகளிடம்கூட.

"சரி, ஆளுங்க எப்படி?"

"பையன் லட்சணமா இருக்கான். அப்பாவைப் பார்த்தாதான் ஒரு மாதிரியா இருக்கு. ரெண்டு பேர் முழங்கால்லயும் சுண்ணாம்பு. பட்டன் கடையில சம்பந்தம் பேச வந்த மனுஷன் சட்டையில ஒரு பட்டன்கூட இல்லீங்க. வரிசையா ஊக்கு! அதையும் நெஞ்சை நிமிர்த்திக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

கீழே வந்தால், சொல்லிவைத்தாற்போல் அலமாரிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார் பையனின் அப்பா. நெஞ்சில் ஏழு ஊக்குகள் பளபளத்தன.

"நல்ல கனமான அலமாரி," என்றார்.

பட்டன்கடைக்காரர், "கிட்டப் போகாதீங்க, எலி மருந்து இருக்கு!" என்று கத்தியே விட்டார்.

மகள் களுக்கென்று சிரித்தாள். அவர் அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

"உங்களுக்கு எந்த ஊர்?"

"கொஞ்சம் ஒதுக்குப்புறம்ங்க."

"பஸ் போகுமா?"

"போகாது."

"ரயில்?"

"அதுவும் இல்ல."

"தபாலாவது வருமா?"

"இதுவரைக்கும் வந்ததில்ல," என்றார் அவர் தலையைச் சொறிந்துகொண்டு.

பட்டன்கடைக்காரர் கைகூப்பினார். "மன்னிச்சிடுங்க. எனக்கு ஒரே பொண்ணு. காலையில அவ குரல் கேட்காம எனக்கு டீ தொண்டையில இறங்காது. பஸ்கூடப் போகாத ஊருக்கு அவளை அனுப்பிட்டு என்னால இருக்க முடியாது."

"அப்பா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு," என்றாள் மகள். "நம்ம கடைக்கு வர்றவர்தான்."

"நான் ஒருநாளும் பார்த்ததில்லையே!"

"நீங்கதான் மதியத்துல தூங்கிடறீங்களே. தூரமும் நீங்க நினைக்கிற மாதிரி இல்லப்பா."

"வேண்டாம்மா. என்னால முடியாது."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பா பெருமூச்சு விட்டு எழுந்தார்.

"பெத்த மனசு எனக்கும் புரியுதுங்க. அப்ப நாங்க வர்றோம்," என்று கையை நீட்டினார்.

மரியாதைக்காகப் பட்டன்கடைக்காரர் அந்தக் கையைப் பிடித்தார். விடுவிக்கப் போகும்போது, அதன் சுண்டுவிரல் அவர் உள்ளங்கையை இரண்டு முறை சுரண்டியது.

அவர், வந்தவரின் முழங்காலில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். பத்து வருஷமாகத் தகரப் பெட்டியில் தாமே அனுப்பிய அந்த ஊக்குகளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"உட்காருங்க சம்பந்தி! பொண்ணைத் தர்றேன். ஆனா, இதுக்குமா கொசுறு கேட்பீங்க?"

"என்னங்க இது! தூரம்னு இப்பதானே சொன்னீங்க?" என்று மனைவி வாயைப் பிளந்தாள்.

மகள் ஓடிப்போய் அலமாரியைத் தள்ளினாள். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது:

"சம்பந்தியம்மா, அந்த எலி மருந்தை எடுத்துட்டீங்கன்னா நானும் உள்ள வருவேன். எவ்வளவு நேரம்தான் முட்டி போட்டுக்கிட்டே இருக்கறது?"