பொங்கிஸாவின் வழிவந்தோர்

நூலக ஊழியர் பெனினா அந்தத் தாளை இரு கைகளாலும் ஏந்தி வந்து என் முன் வைத்தாள். எங்கள் ஆலயத்தில் வேதப் புத்தகத்தைக்கூட நான் அவ்வளவு பணிவோடு எடுத்ததில்லை.

பல்கலைக்கழக நூலகத்தின் ஆவண அறை அது. வெளியே எங்கள் தீவின் தலைநகரம் ஆபியா வெயிலில் வெந்துகொண்டிருக்க, உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது.

“இவ்வளவு குளிரு எதுக்கும்மா? பிணம் கிணம் வச்சிருக்கீங்களா?” என்றாள் என் தமக்கை மகள் ஃபெத்துவாவோ.

“காகிதத்துக்குத்தான் அக்கா இந்தக் குளிரு. மனுசங்கதான் போர்வை கொண்டு வரணும்,” என்றாள் பெனினா.

ஐம்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் வந்து தங்கிய வெள்ளைக்கார ஆய்வாளர் ஒருவர் எங்கள் குடிவழியைத் தட்டச்சு செய்த தாள். அவர் மறைந்தபின் குறிப்பேடுகள், படகுச் சீட்டுகள், திருவிழா அழைப்பிதழ்கள் யாவும் பெட்டி பெட்டியாக இங்கே வந்து சேர்ந்தன.

நாளை மன்றத்தில் விசாரணை. ஊர்த் தலைமைப் பட்டம் எங்கள் குடிக்கா, ஆபெராமோவின் குடிக்கா என்பது முடிவாகும். பட்டம் எவருடையதோ, ஆற்றங்கரை நிலமும் அவருடையதே. ஆபெராமோவின் வீட்டார் பதினான்கு பேர் அந்நிலத்தில்தான் குடியிருக்கிறார்கள்.

இரு குடிக்கும் வாய்மொழியைத் தவிர வேறு சான்று இல்லாதிருந்தது, ஃபெத்துவாவோ இத்தாளைக் கண்டெடுக்கும் வரை.

ஊர்ப் பெரியவர் ஒருவர் சான்றுக் குறிப்பு எழுதினால், அதையும் சேர்த்து நகலெடுத்து முத்திரையிட்டுத் தருவது இந்நூலகத்தின் வழக்கம். அதற்காகவே என்னை அழைத்து வந்திருந்தாள். நான் ஆலய மூப்பன். என் எழுத்தை மன்றத்தில் எவரும் மறுக்கமாட்டார்.

தமக்கையின் பிள்ளை கேட்டு மாமன் மறுத்தான் என்ற பேச்சே எங்கள் தீவில் கிடையாது.

“படிங்க மாமா. சத்தமாப் படிங்க. ஆபெராமோ வீடு வரைக்கும் கேக்கட்டும்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

இருளாகிய பொங்கிஸா மின்னலாகிய ஊயிலாவைப் பெற்றாள். ஊயிலா பாறையாகிய ஃபாத்துவைப் பெற்றான். அவ்வாறே ஐந்து தலைமுறை.

ஓரத்தில் ஆய்வாளர் தம் கைப்பட எழுதியிருந்தார்: வாய்மொழி மரபின் மிகத் தொன்மையான அடுக்கு, படைப்புப் பாடலின் சாயல்.

அடியில் ஒரு வரி: சொன்னவர், ஊர் இளைஞர், வயது பதினேழு. பெயர் இல்லை.

“அந்தப் புண்ணியவான் யாருன்னு தெரியலையே மாமா. தெரிஞ்சா அவன் கல்லறைக்கு ஒரு மாலை போட்டுட்டு வருவேன். எம் பேரனுக்கு ஊயிலான்னுதான் பேரு வைக்கப் போறோம். ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானத்துக்கு நீங்கதான் அவனைக் கையில ஏந்தணும்.”



அந்த இளைஞனுக்குக் கல்லறை இல்லை. அவன் கண்ணாடி அணிந்து அவள் அருகில் அமர்ந்திருந்தான்.

குடிவழியை அயலாருக்கு உரைக்கலாகாது என்பது என் பெரிய தந்தையின் ஆணை. நாடி வந்த விருந்தினரை வெறுங்கையோடு திருப்பலாகாது என்பதும் அவர் ஆணையே. ஆய்வாளர் ஒன்பது நாள் என்னைத் தேடி வந்து அமர்ந்தார். பத்தாம் நாள் இரண்டு ஆணைகளையும் காத்தேன். அவர் தலை மறைந்ததும் தோழரோடு வயிறு நோகச் சிரித்தேன்.

மெய்யான வழியை அறிந்தவர் பெரிய தந்தை ஒருவரே. நான் அதைக் கேட்டு மனனம் செய்திருக்க வேண்டிய ஆண்டில் ஆக்லாந்துக்குத் துறைமுக வேலைக்குப் போனேன். மீண்டபோது அவர் மண்ணுக்குள் இருந்தார்.

மெய் அவரோடு போயிற்று. இதுவோ மெல்லிய உறை போர்த்தி, குளிரில் சாகாவரம் பெற்றிருந்தது.

பெனினா ஒரு வெள்ளைச் சீட்டை என் முன் வைத்தாள்.

“பென்சில்லதான் எழுதணும் ஐயா. நீங்க என்ன எழுதினாலும் அது இந்தத் தாளோடயே இருக்கும். எடுக்கவும் மாட்டோம், திருத்தவும் மாட்டோம்.”

‘மெய்’ என்ற ஒரு சொல் போதும். ஃபெத்துவாவோவின் முகத்தில் என் தமக்கையின் முகம் இருந்தது.

வேண்டிக்கொள்ள முயன்றேன். நாற்பது ஆண்டு பீடத்தருகே நின்று பிறர் பிழைக்கெல்லாம் இறைஞ்சியவன். என் பிழைக்கு இறைஞ்ச ஒரு சொல்லும் நாவில் எழவில்லை.

பென்சிலை எடுத்தேன்.

ஃபெத்துவாவோ என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பெனினாவின் செவியில் விழட்டும் என்று, நான் எழுத எழுத உரக்க வாசித்தாள்.

“லஃபாயேலே ஆகிய நான், என் பதினேழாம் வயதில் இவற்றைச் சொன்னேன்... அட, நீங்கதானா மாமா! இத்தனை நாளா வாயத் திறக்கலையே?”

அவள் கை என் தோளைப் பெருமிதத்தோடு அழுத்தியது. மேலும் வாசித்தாள்.

“பொங்கிஸா என்பது என் தாயார் வளர்த்த...”

அங்கே அவள் குரல் நின்றது.

நான் நிறுத்தவில்லை. கறுப்புப் பெண்பன்றி, என்று எழுதினேன். மற்றவை அதன் குட்டிகள்.