அசையாத முட்கள்

"நல்லா பாருங்க. வேக முள்ளு பூஜ்யத்தை விட்டு நகரல. சூடு முள்ளு ஏறல. டீசல் முள்ளு இறங்கவே மாட்டேங்குது. ஒரு மாசமா இதே கூத்துதான்!"

வீட்டு வாசலில் நின்ற பழைய பிக்கப் வண்டியின் சொந்தக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு புலம்பினார். வண்டி மீட்டர்களைப் பழுதுபார்க்கும் மீட்டர்காரர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து கிடந்தார்.

"மூணும் ஒரே நேரத்துலயா படுத்துச்சு?"

"ஒரே நாள்ல! உங்க மச்சான்கிட்டதான் மொதல்ல சொன்னேன். 'முள்ளு என் வேலை இல்ல, எங்க மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க. ஆனா இது அவராலயும் ஆகாது'ன்னு சிரிச்சார்."

அந்தச் சிரிப்புதான் மீட்டர்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சான் என்ஜின் மெக்கானிக். ஒன்றாக இருந்த பட்டறையைப் பிரித்த அன்றே, டேஷ்போர்டுக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர் என்று பேச்சு. அதற்கப்புறம் இவர் எந்த வண்டியின் பானெட்டையும் திறந்ததில்லை. ரோஷக்காரர்.

இதில் தோற்றால் வீட்டில் தலைகாட்ட முடியாது. "எங்கண்ணன் அப்பவே சொன்னாருல்ல?" என்று பெண்டாட்டி ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

ஃபியூஸை மாற்றினார். ஒயரை மாற்றினார். மீட்டர் பெட்டியையே கழற்றி வேறொன்று மாட்டினார். ம்ஹூம், மூன்று முள்ளும் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அசையாமல் நின்றன.

சாயங்காலம் பொறுமை போய், சாவி போடும் இடத்திலிருந்து நேராகக் கரண்டை இழுத்து மூன்றுக்கும் கொடுத்தார். வேக முள் எண்பதுக்குத் தாவியது. சூடு முள் சிவப்பைத் தொட்டது. டீசல் முள் சரசரவென்று இறங்கியது.

"அடேங்கப்பா!" சொந்தக்காரர் கைதட்டினார். "கைராசின்னா இதுதாங்க!"

மீட்டர்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான்! பிக்கப் வண்டி முள்ளு எண்பதைத் தொட்டுடுச்சு. இப்ப என்ன சொல்றீங்க?"



"உங்களைக் கும்பிடணும் மாப்பிள்ளை," என்றார் மச்சான். குரலில் கிண்டல் இல்லை. "அந்த வண்டியோட என்ஜினை ரிப்பேருக்குன்னு போன மாசமே கழட்டிக் கொண்டாந்துட்டேன். இதோ, என் கால்மாட்டுலதான் கிடக்கு."