கோலுக்கு நின்றவர்

கால்பந்து அணியின் முதல் பயிற்சியாளர் நரி, தன் மச்சான்களையே ஆட இறக்கியது. இரண்டாவதாக வந்த மயில், தோகை உள்ளவர்களுக்கே சட்டை கொடுத்தது. மூன்றாவதாக வந்த குதிரை, நேராக ஓடத் தெரியாதவன் என்று நண்டை விரட்டியது. மூன்று முறையும் நண்டுக்காகக் கோல் கம்பத்தில் ஏறிக் கத்தியது கிழட்டுக் காகம்தான்.

இன்று நான்காவதாக ஆமை வந்தது.

"ஆமை போடுற டீம் எப்படியிருக்கும்? தொண்டையைத் தயார் பண்ணுங்கண்ணே" என்று சீண்டியது கொக்கு.

"தயாராத்தான்டா இருக்கேன்" என்றது காகம்.

ஆமை ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம்வரை நடந்து பார்த்தது. "இங்கே நிற்பவர் பக்கவாட்டில் பாய வேண்டும்" என்றது.

இத்தனை காலம் நியாயம் கேட்ட காகத்துக்கு இது தோன்றவே இல்லை. கத்தத் திறந்த அலகோடு நண்டைத் திரும்பிப் பார்த்தது.

கூட்டத்தின் முன் ஆமை முதல் பெயரை உரக்க வாசித்தது: "கோல் காப்பவர், வாய்க்கால் நண்டு மாசிலாமணி."