முனை கொறித்த கொட்டை

மரத்துக்கு மரம் சிலந்தி நூல் ஓடுகிற காடு ஒன்று இருந்ததாம். நூலில் காதை வைத்தால் முகம் தெரியாதவர்களோடும் பேசலாம். மினுக்கி என்ற அணில்குட்டி, அப்படி வந்த ஓர் இனிய குரலிடம் தன் கூடு எந்தக் கிளையில் என்று சொல்லிவிட்டாள். இப்போது அந்தக் குரல், "உங்கம்மா இல்லாத நேரம் சொல்லு, வர்றேன்" என்கிறது.

அந்த வாரம் மரங்கொத்தி வைத்தியர் அணில்குட்டிகளைக் கூட்டினார். "நூல்ல தெரியாதவங்களுக்குக் கூட்டைச் சொன்னவங்க இந்தப் பொந்துல புளியங்கொட்டை போடுங்க. சொல்லாதவங்க வேப்பங்கொட்டை. பேர் கேட்கமாட்டேன். ஒரு புளியங்கொட்டை விழுந்தாலும் காவலுக்குக் கரிச்சான் குருவியைக் கூப்பிடுவேன்."

"நீ எதுடி?" என்றான் பக்கத்தில் நின்ற அணில்குட்டி தொத்தன்.

"வேப்பங்கொட்டைதான். என்னை என்னன்னு நினைச்சே?"

பயந்தால் அணிலுக்குப் பல் சும்மா இருக்காது. வேப்பங்கொட்டையின் முனையைக் கொறித்துக்கொண்டே போய்ப் போட்டாள்.

வைத்தியர் பொந்துக்குள் எட்டிப் பார்த்தார். "அத்தனையும் வேப்பங்கொட்டை! தங்கப் பிள்ளைங்க. காவலே வேண்டாம்."

அந்தத் 'தங்கப் பிள்ளைங்க' மினுக்கியின் காதைச் சுட்டது. கூட்டில் கண் திறக்காத தம்பிகள் இரண்டு பேர். அவள் தலை நிமிராமலே சொன்னாள்: "மாமா, என்னோடதை மாத்தணும். புளியங்கொட்டை குடுங்க."

"எதும்மா உன்னுது?"

"முனை கொறிச்சிருக்கும், மாமா."

வைத்தியர் கொட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். முனை கொறிக்காத கொட்டை ஒன்றுகூட இல்லை.

தொத்தன் வாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.