நாலாம் அறையின் கூரை

லக்ஷன் தள்ளாடித் தள்ளாடி நடந்து காட்ட, தாதியர் வகுப்பே சிரித்தது. தவமலர் மிஸ் உள்ளே வந்ததும் சிரிப்பு அடங்கியது.

அவர் ஒரு ஸ்கான் படத்தைத் திரையில் போட்டார்.

"இது மூளையின்ர நாலாம் அறை. முன்னுக்கு மூளைத்தண்டு, பின்னுக்குக் கூரை மாதிரிச் சிறுமூளை. அந்தச் சிறுமூளையில வெள்ளையாத் தெரியிறது என்ன?"

"செல் குண்டின்ர துண்டு, மிஸ்," என்றாள் உடையார்கட்டிலிருந்து வந்த யதுர்ஷிகா. அவளுடைய அப்பாவின் காலிலும் போரில் பாய்ந்த அப்படியொன்று இருக்கிறது. "ஏன் இன்னும் எடுக்கேல்லை?"

"மூளைத்தண்டு பக்கத்தில. அதில கத்தி பட்டா மூச்சு நிண்டிடும்."

"சிறுமூளைதானே நடையைச் சமப்படுத்திறது, அப்ப இந்த ஆள் எப்பிடி நடக்கும்?"

மிஸ் மாணவர் இருந்த வாங்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்தபடி கடைசி வரிசைக்கு வந்தார்.

"இது என்ர படம். எழும்பும் லக்ஷன், நடந்து காட்டும். என்ர நடை உமக்குத்தான் நல்லா வரும்."