முதல் வகுப்பு

"நான் பாடம் எடுக்க வந்திருக்கேன், டுவைட். எல்.கே.ஜி.யில சேர வரல. கிளம்பு, பசங்க சிரிப்பாங்க" என்றாள் லொரெய்ன்.

ஐயோவாவின் அந்தச் சமுதாயக் கல்லூரியில், ஐம்பத்திரண்டு வயதில், அவளுக்கு முதல் கணக்கு வகுப்பு. ஆன்லைனில் முதுகலை முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. அத்தனை நாளும் லாரி ஓட்டிவிட்டு வந்து சமைத்தது கணவன் டுவைட்தான்.

அவன் கிளம்பவில்லை. வகுப்பறைக்குள் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டான். முறைத்துப் பார்த்தாள், அவன் அசையவில்லை. அலுவலகத்தில் அப்போதுதான் கொடுத்த வருகைப் பட்டியலை வாசிக்கத் தொடங்கினாள். கடைசிப் பெயரில் குரல் தடுக்கியது.

"டுவைட்... யோடர்?"

"உள்ளேன், மேடம்!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"நீ பத்தாவதே தாண்டலையே!"

"ஸ்கூல் பரீட்சையெல்லாம் போன மாசம் பாஸ் பண்ணிட்டேன். வீட்ல நீ படிக்கிறதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துடுச்சு. லாரியிலயே உட்கார்ந்து படிச்சேன். ரொம்ப தேங்க்ஸ், மேடம்."

"நான்ல உனக்குச் சொல்லணும்..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்வரிசையில் காலியாயிருந்த நாற்காலியைக் காட்டினாள்.

"இங்க வந்து உட்காரு."