ஒரு சொட்டு போகாது

"எங்கப்பாவோட காது மிஷினைக் கொண்டுபோய் யாராவது டம்ளர் தண்ணிக்குள்ள போடுவாங்களா? உங்களுக்கு மூளை கழண்டு போச்சா?"

மனைவி கத்தினாள். கத்தினதில் நியாயமும் இருந்தது. ஆனால் மிஷின் ஏற்கெனவே டம்ளரின் அடியில் கிடந்தது.

போட்டவர் அந்த வீட்டுச் சின்ன மாப்பிள்ளை. சோதனைக்கூடத்தில் வேலை. மின்பெட்டி, தெருவிளக்கு, பம்ப் சுவிட்ச் என்று எது வந்தாலும் அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சுவார். தூசிக் கூண்டுக்குள் வைத்துப் பவுடரைப் பறக்கவிடுவார். பிறகு திறந்து, உள்ளே ஒரு சொட்டாவது போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுவார்.

அதனால் மாமனார் வீட்டில் அவருக்குப் பெயர் 'சொட்டு'. வைத்த புண்ணியவான் சகலை.

சகலை கட்டட கான்ட்ராக்டர். அவர் பேசினால் வீடே சிரிக்கும். சொட்டு பேசினால் ஆளாளுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். மாமனாருக்குக்கூடப் பெரிய மாப்பிள்ளைதான் ஒசத்தி என்பது சொட்டுவின் நெடுநாள் வயிற்றெரிச்சல்.

அதற்காகவே இந்த விடுமுறைக்குக் காது மிஷினோடு வந்து இறங்கினார். மாமனாருக்கு ஒரே ஆசை, பேத்தி பாடுவதைக் கேட்கவேண்டும். காலையில் மாட்டிவிட்டதிலிருந்து மனிதர் ஃபேன் சுற்றும் சத்தத்தைக்கூட ரசித்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் பாப்பா பாடுவதாக ஏற்பாடு.

அதற்குள் சகலை வாயைத் திறந்தார்.

"காதுல வேர்த்தாலே போச்சு. இதெல்லாம் ரெண்டு மாசம் தாங்காது."

"இது ஐபி அறுபத்தேழு, சகலை."

"அறுபத்தேழு மார்க்தானா? சரி, பாஸாவது பண்ணிடுச்சே!"

எல்லாரும் சிரித்தார்கள். சொட்டுவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"மார்க் இல்ல சகலை. ஆறு தனி, ஏழு தனி. ஆறு தூசிக்கு. அதுக்கு மேல நம்பரே கிடையாது, ஒரு துகள் நுழையாது. ஏழு தண்ணிக்கு. ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் முங்கிக் கிடந்தாலும் தாங்கும்."

"அட்டைப்பெட்டியில ஆயிரம் எழுதுவான். நிஜத்துல?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. சொட்டு எழுந்தார். மாமனார் காதிலிருந்து மிஷினைக் கழற்றினார். குட்டி மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஓரத்து ரப்பர் பட்டையை ஒவ்வொருவர் மூக்குக்கு முன்னாலும் நீட்டிக் காட்டினார்.

"மூடி சரியா மூடலைன்னா எந்த நம்பரும் செல்லாது. இப்படி மூடணும். மூடிட்டா ஒரு சொட்டு போகாது!"

டக்கென்று மூடினார். டம்ளருக்குள் போட்டார்.

மனைவி கத்தினது அப்போதுதான்.

கொஞ்ச நேரம் ஊறவிட்டு எடுத்து, துண்டால் துடைத்து, மாமனார் காதில் மறுபடி மாட்டினார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"மாமா, கேக்குதா?"

மாமனார் சின்ன மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பெரிய மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிறகு வாய் நிறையச் சிரித்தார்.

"பிரமாதமா கேக்குது மாப்பிள்ளை!"

அப்பாடா! சொட்டுவின் நெஞ்சு ரெண்டு அங்குலம் விரிந்தது. சாப்பாடு முழுக்க அவர்தான் பேசினார். ஒருவரும் தட்டை எடுத்துக்கொண்டு எழவில்லை.

பாப்பா பாடினாள். மாமனார் அவள் வாயையே பார்த்தபடி தொடையில் தாளம் போட்டார். பாட்டு முடிந்த பிறகும் ரெண்டு தட்டு கூடுதலாகத் தட்டினார்.

"பாத்தீங்களா, எப்படி லயிச்சுட்டார்னு!" என்று சொட்டு சகலையின் விலாவில் இடித்தார்.

"தோத்துட்டேன் சகலை. இனிமே உங்களைச் சொட்டுன்னு கூப்பிட்டா என்னைச் செருப்பால அடிங்க" என்று சகலை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஹாலில் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தார்.

சொட்டு முகம் கழுவப் போனார். கண்ணாடி முன்னால் நின்று, பரவாயில்லையே நாம் என்று தன்னையே ஒருதரம் பார்த்துக்கொண்டார். முகம் துடைக்கச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவினார்.

'டிக்' என்று ஏதோ தரையில் விழுந்து உருண்டது.

குனிந்து எடுத்தார். பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி.

அடக் கடவுளே!

சோதனைக்கூடத்தில் அவர் பெரிய கறார் பேர்வழி. தண்ணீர்ச் சோதனை முடிந்தபின் ஓட்டிப் பார்க்காமல் ஒரு பெட்டிக்குக் கையெழுத்துப் போடமாட்டார். கம்பெனி முதலாளியே வந்து 'நல்லா ஓடுது சார்' என்றாலும், 'நீங்க சொன்னா ஆச்சா?' என்பார். அந்த மகானுபாவர்தான் இன்று மாமனார் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஊரைக் கூட்டி விழா எடுத்திருக்கிறார்.

மாமனார் அறையில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"மாமா."

அசைவில்லை.

"மாமா!"

ஊஹும்.

முன்னால் போய் நின்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பேட்டரியைப் பார்த்ததும் மாமனார் சட்டென்று ஹால் பக்கம் எட்டிப் பார்த்தார். சகலை தூங்குவது தெரிந்ததும், உதட்டில் விரலை வைத்து 'உஸ்' என்றார். தானே மிஷினைக் கழற்றி நீட்டினார்.

சொட்டு பேட்டரியைப் போட்டு, மூடியை அழுத்தி மூடினார். மாட்டிவிட்டார்.

"ஏன் மாமா சொல்லலை? பாப்பா பாட்டைக் கேக்கத்தானே இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தீங்க?"

"எனக்குன்னு ஆசையா வாங்கிட்டு வந்திருக்கீங்க. அதை வச்சே நாலு பேர் உங்களைப் பாத்துச் சிரிச்சா, எனக்குப் பாட்டு இறங்குமா?"

சொட்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சினார்.

"அட, நீங்க உறிஞ்சறதுகூட நல்லா கேக்குதே! உங்க நம்பர் பொய்யில்ல மாப்பிள்ளை" என்று சிரித்த மாமனார், குரலைத் தாழ்த்தினார்.

"போய்ப் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வாங்க, அந்தப் பாட்டை இன்னொரு தரம் பாடட்டும். வந்ததும் கதவை நல்லா சாத்திடுங்க. விஷயம் வெளியே ஒரு சொட்டு போகக்கூடாது."